புள்ளியும் கமாவும் எங்கள் பாடு, மற்றது உங்கள் பாடு

என் அக்கா மகன் பொது மருத்துவத்தில் எம்.டி. மூன்றாம் வருடம் படிக்கிறான். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பதினோரு மணிக்குப் போன். "சித்தி, கட்டுரையை ரிவியூவுக்கே அனுப்பாம திருப்பிட்டாங்க. ரெஃபரன்ஸ் எங்க முறைப்படி இல்லன்னு ஒரே ஒரு வரி." கோப்பை அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். சர்க்கரை நோயும் காசநோயும் சேர்ந்து வந்தவர்களைப் பற்றிய நல்ல ஆய்வு. ஆனால் தீசிஸில் இருந்த 96 ரெஃபரன்ஸையும் அப்படியே தூக்கிப் போட்டிருந்தான். அந்த ஜர்னல் வாங்கிக்கொள்வதோ 30. பாதியில் ஜர்னல் பெயர் முழுதாக, மீதியில் சுருக்கமாக. எட்டாம் எண்ணும் முப்பத்தொன்றாம் எண்ணும் ஒரே கட்டுரை.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு மருத்துவ ஜர்னல்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்கிறவர்களில் ஒருத்தி. பதினெட்டு வருட வேலை. அதில் முதல் ஆறு வருடம் ரெஃபரன்ஸ் மட்டும்தான், அதுவும் இரவு ஷிஃப்டில். எங்களுக்குச் சந்தேகம் வந்தால் கட்டுரையாசிரியருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புவோம். அதை 'ஏக்யூ' என்போம், ஆத்தர் குவெரி என்பதன் சுருக்கம். இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஏக்யூக்களில் புள்ளி, கமா பற்றியது அநேகமாக ஒன்றும் கிடையாது. அவற்றை நாங்களே திருத்திவிடுவோம். நாங்கள் கேட்பதெல்லாம் வேறு. "14ஆம் ரெஃபரன்ஸ் கட்டுரையில் எங்கும் வரவில்லை, எங்கே சேர்ப்பது?" "22ஐத் தேடியும் கிடைக்கவில்லை, சரிபார்க்கவும்." "அட்டவணை 2இல் 27 வருகிறது, ஆனால் கட்டுரையில் அப்போது 18தான் ஆகியிருக்கிறது." இவற்றுக்குக் கட்டுரை எழுதும் உங்களைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாது. கையில் இருக்கும் நேரத்தை எதில் செலவழிப்பது என்பதை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வடிவத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு மிச்ச வேலைக்கு வருவோம்.

வடிவம்

முதலில் ஜர்னலின் 'ஆசிரியர்களுக்கான குறிப்புகள்' பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை ரெஃபரன்ஸ் வரை அனுமதி, எத்தனை ஆசிரியர் பெயருக்குப் பிறகு 'எட் ஆல்' ('மற்றும் பலர்'), கட்டுரைக்குள் எண் எப்படி நிற்க வேண்டும். அப்புறம் அதே ஜர்னலில் சமீபத்தில் வந்த ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு ஒன்று சொல்லும், அச்சில் வருவது வேறாக இருக்கும். சந்தேகம் வந்தால் அச்சில் இருப்பதைப் பின்பற்றலாம்.

மருத்துவத்தில் பெரும்பாலும் வான்கூவர் முறைதான். 1978இல் கனடாவின் வான்கூவரில் பொது மருத்துவ ஜர்னல்களின் ஆசிரியர்கள் சிலர் கூடி, கட்டுரைகள் எந்த வடிவில் வர வேண்டும் என்று பேசினார்கள். 1979இல் விதிகள் வெளிவந்தன. ரெஃபரன்ஸ் வடிவத்தை வகுத்துக் கொடுத்தது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், அதாவது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டை நடத்துகிறவர்கள். அன்று கூடிய குழுதான் பிறகு ஐசிஎம்ஜேஇ, அதாவது மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு என்ற பெயரில் வளர்ந்தது.

ஒரு மாதிரி பார்ப்போம். உண்மையில் இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். இங்கே தமிழ் எழுத்தில் காட்டுகிறேன், நிறுத்தக்குறிகள் எங்கே விழுகின்றன என்று மட்டும் கவனியுங்கள்.

அஞ்சனா ஆர்எம், உன்னிகிருஷ்ணன் ஆர், தீபா எம், பிரதீபா ஆர், டாண்டன் என், தாஸ் ஏகே, எட் ஆல். மெட்டபாலிக் நான்-கம்யூனிகபிள் டிசீஸ் ஹெல்த் ரிப்போர்ட் ஆஃப் இந்தியா: தி ஐசிஎம்ஆர்-இண்டியாப் நேஷனல் கிராஸ்-செக்‌ஷனல் ஸ்டடி (ஐசிஎம்ஆர்-இண்டியாப்-17). லான்செட் டயாபடீஸ் எண்டோக்ரினால். 2023;11(7):474-89.

இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அந்த எண் வந்த இடம் இதுதான். பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் கமா இல்லை, இனிஷியல்களுக்கு நடுவில் புள்ளியும் இல்லை. ஆறு பேருக்குப் பிறகு எட் ஆல். தலைப்பில் முதல் எழுத்தும் பெயர்ச்சொற்களும் மட்டும் பெரிய எழுத்து. ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, அடைப்புக்குள் இதழ் எண், முக்காற்புள்ளி, பக்கம். இவற்றுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. 474 முதல் 489 வரை என்பதை 474-89 என்று சுருக்குகிறோம்.

இதையே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏஎம்ஏ முறையில் கேட்டால், ஆறு பேர் வரை எல்லோரையும் எழுதலாம். ஆறைத் தாண்டினால் முதல் மூன்று பேரை மட்டும் எழுதி எட் ஆல் போட வேண்டும். பக்கம் 474-489 என்று முழுதாக வரும், ஜர்னல் பெயர் சாய்வெழுத்தில் வரும், கடைசியில் டிஓஐ, அதாவது கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண். லான்செட்டும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினும்கூட ஏழு பேர் ஆகிவிட்டால் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்பவைதான். 'வான்கூவர் முறை' என்று ஒரு ஜர்னல் சொன்னாலும் அதன் சொந்தப் பழக்கம் ஒன்று இருக்கும். அதனால்தான் அந்த அச்செடுத்த பக்கம்.

ஜர்னல் பெயரின் சுருக்கத்தை மனம்போனபடி போடாதீர்கள். தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாகில் பெயரைத் தட்டினால் அதிகாரபூர்வச் சுருக்கம் வரும். நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு ஒன்று: 'இந்தியன்' என்பதை 'இண்ட்' ஆக்குவது. இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்சின் சுருக்கம் 'இந்தியன் ஜே மெட் ரெஸ்'. இந்தியனில் எழுத்தைக் குறைப்பதில்லை. லான்செட் போல ஒரே சொல்லாக இருக்கும் பெயரையும் சுருக்குவதில்லை.

நம் பெயர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது நமக்கே நமக்கான தலைவலி. வான்கூவர் முறை குடும்பப் பெயரை முன்னால் போட்டு மற்றதை இனிஷியல் ஆக்குகிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர், நம் பெயர், அவ்வளவுதான். மென்பொருளுக்கு அது எங்கே தெரியும்? கடைசியில் நிற்கும் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி உங்கள் பெயரை முன்னாலும் அப்பா பெயரைப் பின்னாலும் கொடுத்தால், வாழ்நாள் முழுவதும் உங்கள் கட்டுரைகள் அப்பா பெயரில் தேடப்படும், உங்கள் பெயர் ஒற்றை எழுத்தாகிவிடும்.

மேலே உள்ள மாதிரியைப் பாருங்கள். முதல் ஆசிரியர் தன் பெயரை 'ரஞ்சித் மோகன் அஞ்சனா' என்று, தன் பெயர் கடைசியில் வரும்படி கொடுத்திருக்கிறார். அதனால் 'அஞ்சனா ஆர்எம்' என்று சரியாக விழுகிறது. சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. மோகனும் அப்படித்தான். அவருடைய அப்பா பேராசிரியர் எம். விஸ்வநாதன், இந்தியாவில் நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடி. மகன் 'விஸ்வநாதன் மோகன்' என்று எழுதுகிறார், பப்மெட்டில் 'மோகன் வி' ஆகிறார். முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். முடிவு செய்த வடிவத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஓர்கிட்டும் ஒன்று வாங்கிவிடுங்கள், இலவசம்தான்.

அடுத்தவர் பெயரை எழுதும்போது விதி வேறு: கட்டுரையில், பப்மெட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. உங்கள் கைடின் பெயர் பத்து வருடத்துக்கு முன் ஒரு கட்டுரையில் தலைகீழாக விழுந்திருந்தால், உங்கள் ரெஃபரன்ஸிலும் தலைகீழாகத்தான் இருக்க வேண்டும். மரியாதைக்காகத் திருத்தினால் தேடுகிறவருக்குக் கட்டுரை கிடைக்காது. என் அக்கா மகன் அவன் கைடின் பெயரை நல்லெண்ணத்தில் நான்கு இடத்தில் 'சரி' செய்து வைத்திருந்தான். நான்கையும் பழையபடி கெடுத்தேன்.

பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.எம்., பேராசிரியர் எதுவும் வேண்டாம்.

எண்

வான்கூவரில் எண் என்பது கட்டுரையில் முதலில் தலைகாட்டும் வரிசை. முதலில் வருவது 1. ஒரு தடவை 5 என்று எண் வாங்கிய கட்டுரை மறுபடி எத்தனை இடத்தில் வந்தாலும் 5தான். பட்டியலும் அதே வரிசையில்தான், அகரவரிசையில் இல்லை.

இதில் யாரும் தவறுவதில்லை. தவறுவது அட்டவணையில். அட்டவணைகளைக் கட்டுரையின் கடைசியில் வைக்கச் சொல்கிறார்கள் இல்லையா? எழுதுகிறவர் கட்டுரை முழுவதற்கும் எண் போட்டு முடித்துவிட்டு, மிச்ச எண்களை அட்டவணைக்குக் கொடுப்பார். விதி அது இல்லை. 'அட்டவணை 2ஐப் பார்க்க' என்று கட்டுரைக்குள் எந்த இடத்தில் முதன்முதலாகச் சொல்கிறீர்களோ, அந்த இடத்தில் அட்டவணை உட்கார்ந்திருப்பதாக நினைத்து எண் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் 18 வரை வந்திருந்தால், அட்டவணை 2க்குள் இருக்கும் புதிய ரெஃபரன்ஸ்கள் 19, 20, 21. அதற்குப் பிறகு கட்டுரையில் வருவது 22. படங்களின் கீழே உள்ள விளக்கத்துக்கும் இதேதான்.

ரெஃபரன்ஸுக்கு எண் போடும் மென்பொருளும் இங்கே கைவிட்டுவிடும். அட்டவணை கோப்பின் கடைசியில் இருந்தால் கடைசி எண்ணைத்தான் அது கொடுக்கும். இதற்கு நான் சொல்லும் வழி கொஞ்சம் கைவேலை: எழுதி முடிக்கும்வரை அட்டவணைகளைக் கட்டுரைக்குள், அவை குறிப்பிடப்படும் பத்திக்குக் கீழேயே வைத்திருங்கள். எண்கள் எல்லாம் உறுதியான பிறகு, மென்பொருளின் இணைப்பை நீக்கிய பிரதியில் மட்டும் வெட்டிக் கடைசிக்குக் கொண்டுபோங்கள்.

எண்ணை வாக்கியத்தின் கடைசியில்தான் போட வேண்டும் என்று ஒரு வழக்கம் எப்படியோ நிலைத்துவிட்டது. "சர்க்கரை நோய் காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, சிகிச்சை தோற்கும் வாய்ப்பையும் கூட்டுகிறது" என்று எழுதி முடிவில் 3, 4 என்று போட்டால், எது எதற்கு? 3 முதல் பாதிக்கு என்றால் முதல் பாதியின் முடிவிலேயே போடுங்கள். மூன்று அல்லது அதற்கு மேல் தொடர்ச்சியாக வந்தால் 3-6 என்று கோடு போடலாம். இரண்டுதான் என்றால் 3,4.

மேலெழுத்தில் எண் போடச் சொல்லும் ஜர்னலாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. எண்ணுக்கோ அலகுக்கோ ஒட்டி ரெஃபரன்ஸ் வரக்கூடாது. "பிஎம்ஐ 25 கிகி/மீ²" என்பதற்குப் பிறகு ரெஃபரன்ஸ் 4 விழுந்தால் அது மீ²⁴ ஆகிவிடும். ஒருமுறை புரூஃப் வரை போய்விட்ட கட்டுரையில் இப்படி ஒன்றைப் பார்த்து ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகச் சிரித்தேன். வாக்கியத்தைத் திருப்பி எழுதி, எண் ஒரு சொல்லுக்குப் பிறகு விழும்படி செய்யுங்கள். ஏஎம்ஏ முறையில் மேலெழுத்து எண் புள்ளிக்கும் கமாவுக்கும் பின்னால், அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால்.

படித்துவிட்டுப் போடுங்கள்

அறிவுரையாகத் தோன்றலாம். எனக்கு இது வேலை சார்ந்த விஷயம்.

அக்கா மகனின் முன்னுரையில் ஒரு வாக்கியம்: காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தரலாம், சானடோரியத்தில் சேர்த்ததற்குச் சமமான பலன் கிடைக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் கூடுதல் ஆபத்தில்லை. அதற்கு ஒரு ரிவியூ கட்டுரையைக் கொடுத்திருந்தான். "இதை யார் கண்டுபிடிச்சாங்க தெரியுமா?" என்றேன். தெரியவில்லை. சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தாண்டித்தான் எத்தனையோ தடவை போயிருப்பான். 1956இல் 'டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர், மெட்ராஸ்' என்று தொடங்கியது அது. அவர்கள் ஆய்வு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. 21ஆம் தொகுதி, பக்கம் 51-144. வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டது அதுதான். ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுகிறதா என்ற கேள்விக்கான விடை அதே மையம் பிறகு வெளியிட்ட தனிக் கட்டுரைகளில், 1960லும் 1966லும் அதே புல்லட்டினில் இருக்கிறது. ஆக ஒரு வாக்கியத்தில் இரண்டு செய்தி, இரண்டுக்கும் தனித்தனி மூலம். மூலத்தைத் திறந்து பார்க்காமல் இது தெரிய வழியே இல்லை. ஐசிஎம்ஜேஇயும் முடிந்தவரை ரிவியூவை விட்டு மூல ஆய்வையே கொடுக்கச் சொல்கிறது.

1959 கட்டுரையில் வடிவம் பற்றியும் ஒரு பாடம் உண்டு. ஆசிரியர் இடத்தில் ஆள் பெயர் இல்லை, மையத்தின் பெயர்தான் இருக்கிறது. அப்போது மையத்தின் பெயரையே, சுருக்காமல், அன்றிருந்தபடியே ஆசிரியராகப் போட வேண்டும். இன்று நிறுவனத்தின் பெயர் மாறிவிட்டது என்பதற்காக அதை மாற்றக் கூடாது.

படிக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகம் மறக்க முடியாத ஓர் உதாரணம் உண்டு. 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில், 302ஆம் தொகுதி 123ஆம் பக்கத்தில், போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் சேர்ந்து போதைத்தன்மையுள்ள வலி மருந்து வாங்கியவர்களில் அடிமையானவர்கள் மிகக் குறைவு என்பது செய்தி. 2017இல் அதே ஜர்னலில் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி அந்தக் கடிதம் 608 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் 72.2 சதவீதம் 'அடிமைத்தனம் அரிது' என்பதற்குச் சான்றாக. 80.8 சதவீதம் பேர் அது மருத்துவமனையில் சேர்ந்திருந்த நோயாளிகளைப் பற்றியது என்பதைச் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் இந்த வகை வலி மருந்துகளால் வந்த ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த மேற்கோள் பழக்கமும் துணைபோனது என்பது கணக்கெடுத்தவர்கள் கருத்து. அந்த 608 ரெஃபரன்ஸிலும் புள்ளியும் கமாவும் சரியாகத்தான் இருந்திருக்கும், எங்களைப் போல யாராவது திருத்தியிருப்பார்கள்.

இல்லவே இல்லாத கட்டுரையும் மேற்கோள் ஆகும். ஒரு பெரிய பதிப்பகம் தன் வழிகாட்டியில் ரெஃபரன்ஸ் வடிவத்தைக் காட்டுவதற்காக 'ஜர்னல் ஆஃப் சயின்டிஃபிக் கம்யூனிகேஷன்ஸ்' என்ற கற்பனை ஜர்னலில் 2000இல் வந்ததாக ஒரு கட்டுரையை உருவாக்கி வைத்திருந்தது. ஏறத்தாழ 400 கட்டுரைகளில் அது உண்மையான ரெஃபரன்ஸாக ஏறிவிட்டது. மாதிரிக் கோப்பில் தங்கள் கட்டுரையை ஒட்டியவர்கள் மாதிரி வரியை அழிக்க மறந்ததுதான் பெரும்பாலும் காரணம். ஜர்னல் தரும் டெம்ப்ளேட்டில் எழுதினால், அதில் முன்பே இருக்கும் வரிகளை முதலில் அழித்துவிடுங்கள்.

இப்போது சாட்பாட் வந்த பிறகு இது எங்கள் அன்றாடப் பிழைப்பாகிவிட்டது. அது கொடுக்கும் பொய் ரெஃபரன்ஸ் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். ஆசிரியர் நிஜம், ஜர்னல் நிஜம், ஆண்டும் தொகுதியும்கூடப் பொருந்தும். கட்டுரை மட்டும் இருக்காது. சந்தேகம் தீர ஒரே வழி, ஒவ்வொன்றின் டிஓஐயையும் தட்டிப் பார்ப்பது. டிஓஐ என்பது 10 என்ற எண்ணில் தொடங்கி, ஒரு புள்ளி, சில எண்கள், ஒரு சாய்கோடு என்று போகும். தட்டினால் வேறு ஏதோ கட்டுரை திறக்கிறதா, எதுவுமே திறக்கவில்லையா, தூக்கிவிடுங்கள். பழைய கட்டுரைகளுக்கு டிஓஐ இல்லாமல் இருக்கலாம், அப்போது பப்மெட்டில் தலைப்பைத் தேடுங்கள். சாட்பாட் சொன்னதையே ஒரு மூலமாகக் காட்டுவதை ஐசிஎம்ஜேஇ ஏற்பதில்லை.

அப்புறம் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள். லான்செட்டிலும் நியூ இங்கிலாந்து ஜர்னலிலும் வந்த இரண்டு கோவிட் கட்டுரைகள் ஒரே நாளில், 2020 ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டன. சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்தின் தரவை யாராலும் சரிபார்க்க முடியவில்லை என்பது காரணம். அதற்கு முன்பே பதிவிறக்கி வைத்த பிடிஎஃபில் அந்தச் செய்தி எப்படி இருக்கும்? உங்கள் கணினியில் இருக்கும் பிரதி வந்த நாளோடு நின்றுவிடும். ஆகவே அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் பப்மெட்டில் ஒருமுறை திறந்துவிடுங்கள். திரும்பப் பெற்றிருந்தால் தலைப்பிலேயே அறிவிப்பு இருக்கும். 30 ரெஃபரன்ஸுக்கு இருபது நிமிடம் போதும்.

கட்டுரை அல்லாதவை

புத்தகத்தைக் காட்டும்போது அத்தியாயத்தை எழுதியவர் பெயர் முன்னால் வர வேண்டும், தொகுப்பாசிரியர் பெயர் பிறகு. பதிப்பு எண்ணும் பக்கமும் கட்டாயம். அறிக்கைகளுக்கு ஊர், பதிப்பாளர், ஆண்டு: குளோபல் டியூபர்குளோசிஸ் ரிப்போர்ட் 2023. ஜெனீவா: வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷன்; 2023. பெரிய அமைப்புகளின் அறிக்கைகளில் உள்பக்கத்தில் 'இப்படி மேற்கோள் காட்டவும்' என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள், தேடி அலைய வேண்டாம். இணையப் பக்கம் என்றால் நீங்கள் பார்த்த தேதி வேண்டும். பிரீபிரிண்ட் (ரிவியூவுக்கு முன்பே இணையத்தில் போட்ட பிரதி) என்றால் பிரீபிரிண்ட் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதற்குள் ஜர்னலில் வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கைடு வாய்வழியாகச் சொன்னது பட்டியலில் வராது. அவர் எழுத்துமூலம் அனுமதி தந்தால், கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் பெயரும் தேதியும் போடலாம். மாநாட்டுச் சுருக்கங்களையும் பட்டியலில் தவிர்ப்பது நல்லது.

மென்பொருள்

எண்ணைக் கையால் தட்டாதீர்கள். 7ஐ நீக்கினால் பின்னால் உள்ள இருபத்து மூன்றையும் மாற்ற வேண்டும், கட்டாயம் இரண்டு தப்பிவிடும். எண்ட்நோட், மெண்டலே, ஸோட்டெரோ எதுவானாலும் சரி. மாணவர்களுக்கு நான் சொல்வது ஸோட்டெரோ, காசில்லை. பப்மெட்டில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் பிஎம்ஐடி என்று ஓர் எண் இருக்கும். ஸோட்டெரோவில் மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி அந்த எண்ணை ஒட்டினால் விவரம் முழுதும் வந்துவிடும். கூகுளில் தேடி, கிடைத்த வரியை வெட்டி ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். அக்கா மகனின் 8ம் 31ம் இரட்டைப் பிள்ளையானது அப்படித்தான், ஒன்று பப்மெட்டிலிருந்து வந்தது, மற்றது எங்கிருந்தோ.

வந்த விவரத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஒவ்வொன்றையும் நுழைக்கும்போதே நான்கு இடத்தைப் பாருங்கள். தலைப்பில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால் அதை மென்பொருள் தானாக மாற்றாது, தலைப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி வாக்கிய நடைக்கு மாற்ற வேண்டும், அப்புறம் எச்ஐவி, இந்தியா போன்றவற்றின் பெரிய எழுத்து போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். நிறுவனம் ஆசிரியராக இருந்தால் பெயர் இரண்டாக உடைந்திருக்கும், ஒரே கட்டத்தில் போடுங்கள். ஜர்னல் சுருக்கம் காலியாக இருக்கலாம். இணையத்தில் மட்டும் வரும் ஜர்னல்களுக்குப் பக்கம் இருக்காது, கட்டுரை எண் இருக்கும், அது பக்கத்துக்கான இடத்தில் இருக்க வேண்டும்.

வேர்டில் எழுதும்போது ஓர் ஆள் கையில் மட்டும் மூலக் கோப்பு இருக்கட்டும். கைடு அதை கூகுள் டாக்ஸில் ஏற்றித் திருத்தினால் வேர்டில் போட்ட இணைப்பு அறுந்துவிடும், எண்கள் வெறும் எழுத்தாக நிற்கும். அவருக்கு பிடிஎஃப் கொடுத்து, திருத்தத்தை நீங்கள் ஏற்றுவதே உத்தமம். எல்லாம் முடிந்ததும் இணைப்புள்ள பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியில் இணைப்பை நீக்கி அதை அனுப்புங்கள். ரிவியூவர் கேட்டால் திருத்த மூலப் பிரதி வேண்டும்.

பென்சில்

கடைசிச் சோதனையை நான் இன்னும் காகிதத்தில்தான் செய்கிறேன். ரெஃபரன்ஸ் பட்டியலைத் தனியாக அச்செடுத்துக்கொண்டு, கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே போவேன். எண் வரும்போதெல்லாம் பட்டியலில் அதற்கு நேராக ஒரு கோடு. 3-6 என்று வந்தால் நான்குக்கும் கோடு. அட்டவணை குறிப்பிடப்படும் இடத்தில் கட்டுரையை நிறுத்திவிட்டு அட்டவணைக்குப் போய் வருவேன். முடிவில் கோடே விழாத எண் இருந்தால் அது அனாதை, 12க்கு முன்னால் 13க்குக் கோடு விழுந்தால் வரிசை தப்பு. இந்த வேலையை ஒருவர் வாசிக்க இன்னொருவர் கோடு போட்டால் அரை மணி நேரம்கூட ஆகாது. அக்கா மகன் வாட்ஸாப் வீடியோவில் வாசித்தான், நான் இங்கே கோடு போட்டேன். இரண்டு அனாதை, ஒரு வரிசைப் பிசகு. 96, 29 ஆகியிருந்தது.

ஜர்னல் கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு புரூஃப், அதாவது அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் பிரதி வரும், கூடவே ஏக்யூ பட்டியலும். சில ஜர்னல்கள் இரண்டு நாள்தான் கெடு கொடுக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். "பார்த்தேன், சரி" என்று மொத்தமாக ஒரு வரி எழுதி அனுப்பினால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது, மறுபடி கேட்போம். அந்த நேரத்தில் புது ரெஃபரன்ஸ் ஒன்று ஞாபகத்துக்கு வரும், எல்லோருக்கும் வரும். சேர்த்தால் பின்னால் உள்ள எல்லா எண்ணும் நகரும், பல ஜர்னல்கள் அனுமதிப்பதும் இல்லை. அவனுக்கும் வந்தது. "ஒண்ணே ஒண்ணு சித்தி, நல்ல பேப்பர்." அடுத்த கட்டுரைக்கு எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.